ஒன்பதாம் மாடியில் ஒரு டூட்டி

குட்டை சிஸ்டரை அந்த ஆஸ்பத்திரியில் தெரியாதவர்கள் கிடையாது. உண்மையான பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனே தலையைச் சொறிவார். குட்டை சிஸ்டர் என்றால், எந்த மாடி, எந்த வார்டு, இந்நேரம் யாரைத் திட்டிக்கொண்டிருப்பாள் என்பது வரை சொல்லிவிடுவார். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது, வாயைத் திறந்தால்தான் தேள் கொட்டும் என்று நோயாளிகள் சொல்வார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

நர்ஸ் வேலையில் ஒரு சட்டம் உண்டு. டூட்டி முடிந்தது என்று கடிகாரம் சொன்னால் போதாது. அடுத்து வருகிறவள் கட்டில் கட்டிலாகக் கூடவே நடந்து, யாருக்கு என்ன, எவ்வளவு, எப்போது என்று காதால் கேட்டு, கடைசியில் "சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்வரை முன்னவள் வாசல் தாண்டக் கூடாது. அப்படி விடுவிக்க வருகிறவளை ரிலீவர் என்பார்கள். ஒரு பெருமழையில் பஸ் ஓடாமல் ரிலீவர் வராமல் போனபோது, குட்டை இருபத்தாறு மணி நேரம் ஒரே வார்டில் நின்றாள். வீட்டில் மகன் காய்ச்சலில் கிடந்தான். அழுதாளே தவிர நகரவில்லை.

அவளுக்கு இருபது வருஷம் ரிலீவராக இருந்தவள் நெட்டை. பயிற்சிப் பள்ளியில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அங்கே வைத்த பெயர்கள்தான் இரண்டும். இருபது வருஷத்தில் நெட்டை ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தது கிடையாது. குட்டைக்குப் பிரசவ வலி எடுத்ததுகூட வார்டில்தான். பன்னிரண்டு கட்டிலையும் நெட்டையிடம் ஒப்படைத்து, அவள் வாயால் அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் பிரசவ அறைக்கு நடந்தாள். அக்கா தங்கை மாதிரி என்று மற்றவர்கள் சொல்வார்கள். அக்கா தங்கைகள் சொத்துக்காவது அடித்துக்கொள்வார்கள், இவர்கள் அதுகூடச் செய்ததில்லை.

நெட்டையின் புருஷன் தவறிப்போன மறுவருஷம், வெளிநாட்டில் இருந்த மகள் அம்மாவை அழைத்துக்கொண்டாள். தனியாக எதற்குக் கஷ்டப்படுகிறாய், வந்து எங்களோடு இரு, ஊரெல்லாம் சுற்றிக் காட்டுகிறோம் என்றாள். மூன்று வருஷ சர்வீஸ் மிச்சம் இருக்கும்போதே நெட்டை வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். போனதிலிருந்து குட்டையின் செல்போனில் படமாக வந்து குவிந்தது. ஆற்றின்மேல் ஒரு கல் பாலம், ஒரு கடிகாரக் கோபுரம், கடலோரம் வர்ணம் வர்ணமாக வீடுகள். ரயிலில் ஒரு மணி நேரத்தில் ஓர் ஊர், இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று, நீ வா, சேர்ந்தே பார்த்துவிடலாம் என்று எழுதுவாள். ஒரு படத்திலும் அவள் இல்லை. கேட்டதற்கு, படம் எடுக்கிறவள் எப்படிப் படத்தில் இருப்பாள் என்று பதில் வந்தது. குட்டைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அந்தக் கல் பாலத்தின் நடுவில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்று குட்டைக்கு ஆசை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியையும் வீட்டையும் தவிர எதையும் பார்க்காத ஜென்மம். ஐம்பத்து நாலு வயதில் ஆசை வந்தால் அது சின்ன ஆசையாக வராது. லாரி ஆபீஸில் புக்கிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அவள் புருஷன், "நீ போய்ட்டு வா, பன்னெண்டு நாள் திட்டு வாங்காம இருந்தா எனக்கும் ஓய்வுதானே" என்றார். இரண்டு வருஷம் விண்ணப்பம் போட்டு, பதினைந்து நாள் லீவு வாங்கினாள். பன்னிரண்டு நாள் அங்கே, மீதி பயணத்துக்கு. திரும்பி வந்ததும் வருகிற திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் இனி லீவு என்ற பேச்சே எடுக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

விமான நிலையத்துக்கு நெட்டை வரவில்லை. மாப்பிள்ளை வந்திருந்தார். நல்ல மனிதர், பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார். அத்தைக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றார். வீடு ஒன்பதாம் மாடியில். கீழ்க் கதவும் லிஃப்டும் ஓர் அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். வீட்டுக் கதவைத் திறந்ததுமே குட்டையின் மூக்குக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கிருமிநாசினி, பவுடர், அவற்றுக்கு அடியில் வெகுநாளாகப் படுத்திருக்கும் உடம்பின் வாசனை. கூடத்தில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று போட்டிருந்தது. அதில் மாப்பிள்ளையின் அம்மா. பக்கத்தில் கையுறை மாட்டிய கைகளைத் தள்ளி வைத்துக்கொண்டு நெட்டை நின்றாள். முழங்கையாலேயே சிநேகிதியைக் கட்டிக்கொண்டாள். எலும்பு குத்தியது.

சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போடுவது, கஞ்சி, மாத்திரை, துடைப்பது. வார்டில் இருப்பது போலவே கட்டம் கட்டமாக. எல்லாக் கட்டத்திலும் ஒரே கையெழுத்து.

"நான் வர்றதுக்கு முன்னாடியே பக்கவாதம் வந்து விழுந்துட்டாங்கடி," என்றாள் நெட்டை மெதுவாக. "எனக்கு வந்தப்புறம்தான் சொன்னாங்க."

மகளும் கெட்டவள் இல்லை. இங்கே ஒரு கதை நன்றாக ஓட வேண்டும் என்றால் ஒரு கெட்டவள் வேண்டும், அவள் இல்லாதது எனக்கும் சங்கடம்தான். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவள், ராத்திரி எட்டுக்கு வருகிறாள். மாமியாரின் படுக்கையை மாற்றினால் அவளுக்கு வாந்தி வந்துவிடும். மாப்பிள்ளைக்கோ, அம்மாவை அந்த நிலையில் பார்த்தால் மனசு தாங்காது. தாங்காத மனசுகளுக்கெல்லாம் சேர்த்துத் தாங்குவதற்கு ஒருத்தி இருந்தாள். அவள் நர்ஸாகவும் இருந்துவிட்டாள், வசதியாகப் போயிற்று. படங்களெல்லாம் மகளும் மாப்பிள்ளையும் விடுமுறையில் போய் எடுத்தவை. நெட்டை இரண்டு வருஷத்தில் தாண்டிய அதிகபட்ச தூரம், தெருமுனையில் இருக்கும் மருந்துக்கடை.

சம்பந்தியம்மா ஒரு காலத்தில் தபால் அலுவலகத்தில் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர். வரிசை கோணினால் முத்திரையைக் கீழே வைத்துவிடுவாராம், வரிசை நேராகும்வரை எடுக்க மாட்டாராம். இப்போது வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வரும், ஒவ்வொரு வார்த்தையாக, இடைவெளி விட்டு. அதனால் வீட்டில் அவரோடு பேசுவதை எல்லோரும் குறைத்துக்கொண்டார்கள். கண்கள் மட்டும் இன்னும் கவுன்ட்டருக்குள்ளிருந்து பார்ப்பவைதான்.

முதல் நாலு நாள் குட்டை எங்கும் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நெட்டை சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து போக வழியில்லை, தனியாகப் போக குட்டைக்குப் பாஷை தெரியாது. இரண்டு மணிக்கொரு தடவை சேர்ந்து புரட்டினார்கள், பழங்கதை பேசினார்கள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள் தெரிந்தன. ஜன்னலும் நாலு விரல் அகலத்துக்குமேல் திறக்காது. நெட்டை பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை விட்டுவிட்டு அந்த இடுக்கில் முகத்தை வைத்து நிற்பதைக் குட்டை இரண்டு தடவை பார்த்தாள்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், அவளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "ஒரு நாளைக்கு நான் பார்த்துக்கறேன், நீ போய் உன் பாலத்தைப் பார்த்துட்டு வா" என்றாள். நெட்டை மூன்று தடவை வேண்டாம் என்றாள். நாலாம் தடவை சொல்லவில்லை, புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். விளையாட்டுக்கு இருவரும் வார்டில் செய்கிற மாதிரியே செய்தார்கள். கட்டிலருகே நின்று, கடைசியாக எந்தப் பக்கம் புரட்டியது, எத்தனை கரண்டி கஞ்சி போனது, முதுகில் எங்கே தோல் சிவந்திருக்கிறது என்று நெட்டை ஒப்பித்தாள். குட்டை தலையாட்டிக் கேட்டுவிட்டு, சல்யூட் அடிக்கிற பாவனையில், "சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்ப வேண்டியவள் ஆறு மணிக்கு போன் செய்தாள். ரயிலைத் தவறவிட்டுவிட்டாளாம், பெண்கள் விடுதி ஒன்றில் இடம் கிடைத்துவிட்டதாம், காலையில் வந்துவிடுகிறாளாம். இருபது வருஷம் ஐந்து நிமிஷம் தாமதிக்காதவள் சொன்னதைக் குட்டை அப்படியே நம்பினாள்.

மறுநாள் ஆள் வரவில்லை, படம்தான் வந்தது. கல் பாலத்தின் நடுவில் நெட்டை. வழியில் போகிற யாரோ எடுத்திருக்க வேண்டும். வாய் நிறையச் சிரிப்பு, காற்றில் முந்தானை ஒரு பக்கம் பறக்கிறது. அவள் இருக்கிற முதல் படம். குட்டைக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது; பொய் சொல்வானேன், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பிறகு விரல் விட்டு நாளை எண்ணினாள். அடுத்த வெள்ளி மத்தியானம் அவளுக்கு விமானம்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் கேட்டுக்கொண்டு, அட்டையை வாங்கிக்கொண்டு, இரண்டு மணி நேரம் வெளியே இறங்கினாள். ரொட்டிக்கடை, செருப்பு ரிப்பேர் கடை, டிராம் நிறுத்தம். நிறுத்தத்தில் உட்கார்ந்து மூன்று டிராம்கள் போவதைப் பார்த்தாள். நாலாவதில் ஏறிவிட்டால் என்ன என்று நினைக்கும்போது செல்போன் அடித்தது. "சித்தி, அத்தை இருமறாங்க, எனக்குப் பயமா இருக்கு," என்றாள் மகள். இறங்கி இருபத்து மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. மேலே போனால் ஒன்றுமில்லை, தலையணை ஓர் அங்குலம் சரிந்திருந்தது. அதைச் சரிசெய்யவும் சித்திதான் வேண்டியிருந்தது.

நெட்டை தினம் ஒரு படம் அனுப்பினாள். கோபுரம், கோபுரத்தின் உச்சி, கடல். தினமும் நாளைக்கு என்றாள். செவ்வாய்க்கிழமை குட்டை பொறுக்கமாட்டாமல் போனில் கேட்டுவிட்டாள்.

"இதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டியா?"

அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது.

"ஆமாடி," என்றாள் நெட்டை. "உனக்கு ஊரைக் காட்டணும்னும்தான் கூப்பிட்டேன். ஆனா முதல்ல இதுக்குத்தான். உன்னைத் தவிர யார் கையில குடுத்துட்டு நான் வெளியில வர முடியும், சொல்லு."

குட்டை வார்டிலும் பேசாத வார்த்தைகளில் நாலைந்தைப் பேசிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த கையோடு கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி. சம்பந்தியம்மாவை வலப்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினாள். சனியனே, சனியனே என்று நெட்டையைத் திட்டிக்கொண்டே, தோல் உரசாமல், தலையணையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து, பக்குவமாகத் திருப்பினாள். நெட்டை மேல் இருந்த கோபம் பாதி, பாலத்தில் நின்ற அவளை மறக்க முடியாதது பாதி.

கோபத்தைவிடப் பயம்தான் மெல்ல மெல்ல ஏறியது. நெட்டை எங்கே, எப்போது வருகிறாள் என்று அந்த வீட்டில் யாரும் பதறவில்லை. மாப்பிள்ளை காலையில் "வரேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார், சாயங்காலம் வந்து அம்மாவின் நெற்றியைத் தொட்டுவிட்டு அறைக்குள் போனார். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, சித்தியின் லீவை ஒரு மாதம் நீட்டிக்க முடியுமா என்று மகள் பாசத்தோடு விசாரித்தாள். குட்டை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மறுநாள் காலையில் கண் விழித்துப் பார்த்தபோது சுவரில் அட்டவணை புதிதாக இருந்தது. கம்ப்யூட்டரில் அழகாக அச்சடித்து, கோணாமல் ஒட்டியிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'சித்தி' என்று போட்டிருந்தது.

முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ உயிர் போவதை நின்று பார்த்தவள், அந்த அட்டவணையைப் பார்க்க முடியாமல் வாசல் பக்கம் திரும்பினாள். கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டால் யார் தடுக்கப் போகிறார்கள்? யாரும் தடுக்க மாட்டார்கள். அதுதான் சங்கடம். தடுக்கிற ஆள் அவளுக்குள்ளேயே டூட்டியில் இருந்தாள்.

அன்று காலை சம்பந்தியம்மா கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. குட்டை கரண்டியை உதட்டோரம் வைத்துப் பார்த்தாள், தாடையைத் தடவிப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். அடம்பிடிக்கும் நோயாளிகளை மடக்குவதற்கு அவளிடம் பதினெட்டு வித்தைகள் உண்டு, பதினெட்டும் தோற்றன. மத்தியானமும் அதே கதை. மாத்திரை இல்லை, தண்ணீர்கூட இல்லை. உதடு காய்ந்து வெளுத்தது. கவுன்ட்டர் மூடியே கிடந்தது. குட்டை பயந்துபோய் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். அவர் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றார். "டாக்டர் வந்து கஞ்சி ஊட்டுவாரா? நீங்க வாங்க," என்று அதட்டினாள்.

கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு அவர் ஓடிவந்தார். கரண்டியைக் கையில் கொடுத்தாள். அந்த மனிதர் பிடித்த பிடியிலேயே தெரிந்தது, இதுவரை பிடித்ததில்லை என்று. கொண்டுபோனார். சம்பந்தியம்மா மகன் முகத்தைப் பார்த்தார், வாயைத் திறந்தார். பாதி உள்ளே போயிற்று, பாதி மோவாயில் வழிந்தது. அடுத்த கரண்டி, அடுத்த கரண்டி. கிண்ணம் காலியானபோது மகன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அழட்டும் என்று குட்டை விட்டுவிட்டாள். அழுது முடித்ததும், நாலு மணி ஆயிற்று, இப்போது புரட்ட வேண்டும், தோள் இங்கே, கை இங்கே என்று காட்டிக் கொடுத்தாள். ஆறு மணிக்கும் அவரே புரட்டினார். எட்டு மணிக்குச் சொல்லாமலே எழுந்து வந்தார். தன் ஆபீஸுக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டதாக, யாரையும் பார்க்காமல் சொன்னார். மகள் வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்கு வாந்தி வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, குட்டை கட்டிலருகே வந்து நின்றாள். மாப்பிள்ளை சமையலறையில் பாத்திரத்தோடு போராடிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா இடது கையால் அவள் புடவையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார்.

"சம்பந்தின்னா... சபையில... உட்கார வைக்கிற உறவு." ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். "ரெண்டு வருஷமா... என் மலத்தை... அள்ளுறா. அவ போன அன்னைக்குத்தான்... எனக்குத் தூக்கம் வந்துச்சு. திரும்பி வர வேண்டாம்னு... சொல்லு. வந்தா... அவ கையாலயும்... சாப்பிட மாட்டேன்."

குட்டை அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

லிஃப்டில் இறங்கிக் கீழே வந்தால், கட்டட வாசலில் பையோடு நெட்டை நிற்கிறாள். வெயிலில் முகம் கறுத்து, மூக்கு உரிந்திருந்தது. மணி பதினொன்று. விமானத்துக்கு நேரம் கணக்குப் பார்த்து, டாக்சி வரும் நேரம் கணக்குப் பார்த்து வந்திருக்கிறாள். அட்டையைக் கையில் தயாராக வைத்திருந்தாள்.

"ரிலீவ் பண்ண வந்துட்டேன்டி," என்றாள். "உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்னா நினைச்சே?"

நினைத்தாள்தான். அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருக்கலாம், டாக்சிக்காரன் விடவில்லை. சம்பந்தியம்மா சொல்லியனுப்பியதை மட்டும் ஒரு வார்த்தை குறையாமல் ஒப்பித்தாள். நெட்டை படியில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று பார்த்தால், வேறு கேட்டாள்.

"பத்து மணிக்கு யார் புரட்டினது?"

"மாப்பிள்ளை."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"சரிதான்," என்றாள் நெட்டை. பிறகுதான் அழுதாள்.

குட்டைக்குப் பாலம் போயிற்று, கோபுரம் போயிற்று, கடல் போயிற்று. டிராம் நிறுத்தமும் ரொட்டிக்கடையும்தான் அவள் பார்த்த வெளிநாடு. ஆனாலும் அந்தப் படியில் நின்றபோது அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நெட்டையை எழுப்பி நிறுத்தி, வார்டில் புதிதாக வந்த பெண்களிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"மேல போ. அட்டையைப் போடாத, பெல் அடி. யாராவது இறங்கி வந்து திறக்கட்டும். உள்ள போனதும் கையுறைப் பக்கம் திரும்பாத. சோபாவுல உட்காரு, மாப்பிள்ளைகிட்ட காபி கேளு. அவ்வளவுதான் உன் வேலை."

நெட்டை சரி என்றாள். டாக்சி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாள் குட்டை. நெட்டை பெல்லை அழுத்திவிட்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது செய்தி வந்தது. நேரம் சரியாகப் பன்னிரண்டு. "சோபாவுலதான் உட்கார்ந்திருக்கேன். மாப்பிள்ளை காபி போடறார், பால் பொங்கி வழியுது. புரட்டுற நேரம் ஆயிடுச்சு. அவர் இன்னும் வரலை. அவங்க என்னையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. எந்திரிக்கட்டுமாடி?"

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர் இருமினார். குட்டை நகராமல் நின்று, "உட்காரு" என்று ஒரே வார்த்தையை அடித்து அனுப்பினாள். பதில் வரவில்லை. இருக்கையில் போய் அமர்ந்து, பெல்ட் போட்ட பிறகும் வரவில்லை. செல்போனை அணைக்கச் சொன்னார்கள். நெட்டை உட்கார்ந்திருக்கிறாளா, எழுந்துவிட்டாளா என்று தெரியாமல், இரண்டு பக்கமும் ஆள் இருந்த நடு இருக்கையில், பதினோரு மணி நேரம் அவள் அசையாமல் உட்கார்ந்து வந்தாள்.